மரத்தொப்பியும் பதினேழாம் நோன்பும்

பினாங்கில் ஒரு தமிழ் அச்சுக்கூடத்தில் எனக்கு வாசிக்கிற வேலை. கையெழுத்துப் பிரதியை நான் உரக்க வாசிப்பேன். எதிரே இருக்கும் புரூப் திருத்துபவர் அச்சான தாளைப் பார்த்துப் பிழை திருத்துவார். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். ஆனாலும் அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அதில் மண்ணள்ளிப் போட்டது ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த படம். தலை முழுவதையும் மூடும் கூண்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஒருவன் மேசையில் எழுதிக்கொண்டிருந்தான். வெளிச்சத்தம் கேட்காது, கண் அலையாது, கவனம் சிதறாது என்று கீழே போட்டிருந்ததாம். எங்கள் முதலாளி ஒரு சீனத் தச்சரிடம் சொல்லி அதே மாதிரி ஒரு தொப்பியை மரத்தில் செய்வித்துவிட்டார். உள்ளே இலவம்பஞ்சு. கண்ணுக்கு நேரே கண்ணாடி. ஒரு வரி மட்டும் தெரிய இடம் விட்டு மீதியெல்லாம் கறுப்புச் சாயம். வாய்ப்பக்கம் மூச்சுக்கு ஒரு ரப்பர் குழாய்.

"இனிமே சத்தம் போட்டு வாசிக்கத் தேவையில்லலா. திருத்துறவரு இதை மாட்டிக்கிட்டு ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சு அவரே பாத்துக்குவாரு" என்றார் முதலாளி. "நோன்பு அட்டவணை பிழையில்லாம வந்துருச்சுன்னா, பெருநாளைக்கு அப்புறம் நீங்க வேற எடம் பாத்துக்குங்க தம்பி."

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். வேறு இடம் எங்கே இருக்கிறது?

அதுவரைக்கும் சைக்கிள் பம்பால் அந்தக் குழாய்க்குள் காற்றடிக்கச் சொன்னார். வாசித்த வாயை மூடிக்கொண்டு அடித்தேன்.

நோன்பு திறக்கும் நேரங்களின் தாள் வந்தது. புழுக்கத்தில் திருத்துபவரின் மூச்சே கண்ணாடியில் ஆவியாகப் படிந்திருக்க வேண்டும்; அடிக்கடி குனிந்து குனிந்து பார்த்தார். பதினேழாம் நோன்பு. பிரதியில் 6.28. அச்சில் 6.18. பத்து நிமிஷம் முந்தித் திறந்தால் அன்றைய நோன்பே முறிந்துவிடும். அவர் பென்சில் அந்த வரிக்கு வந்தது, நின்றது, அடுத்த வரிக்குப் போய்விட்டது.

என் கை பம்பின் மேல் நின்றுவிட்டது. தொப்பியில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். தட்டினால் தாள் சரியாகிவிடும், தொப்பி ஜெயித்துவிடும், நான் தெருவில் நிற்பேன். தட்டாவிட்டால் பதினேழாம் நாள் ஊரே வந்து முதலாளியின் சட்டையைப் பிடிக்கும், தொப்பி அடுப்புக்குப் போகும். காற்று நின்றதும் திருத்துபவர் மேசையைத் தட்டினார். நான் மறுபடி அடித்தேன்.

தாள் அச்சாகி ஊரெல்லாம் போயிற்று. நான் குடியிருந்த பாலிக் புலாவ் பக்கத்திலும் சின்னப் பள்ளிவாசல் சுவரில் அதை ஒட்டினார்கள். ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து தொழப் போனேன். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே! அந்தப் பதினாறு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பதினேழாம் நாள் மழை மூட்டம். சூரியன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாயில் உட்கார்ந்திருந்தேன். ஆறு பதினெட்டுக்குப் பாங்கு ஒலித்தது. பலகைச் சுவருக்கு அப்பால், அண்டை வீட்டில், கஞ்சிக் கிண்ணங்களில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. என் மனைவி பேரீச்சம்பழத்தை எடுத்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "பொறு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"பாங்கு சொல்லிட்டாங்களே?"

"அட்டவணை தப்பு. புரூப்லயே பாத்தேன்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். பழத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, சுவருக்கு அப்பால் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்:

"அவங்க கையை யாரு புடிப்பா?"