முச்சந்தியில் வைத்த முட்டை

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு, பானை சட்டி கழுவி, மேசை துடைத்து முடிந்த பிறகு, வசந்தமலர் காஸ் அடுப்பின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். ஐந்து திருகுகள். இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் வரை. எல்லாம் பூட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும், என்றாலும் தொடுவாள். தொட்டு முடித்ததும் உள்ளங்கையை அடுப்பின் விளிம்பில் வைத்து ஒருகணம் நிற்பாள். இரும்பில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். அதன் பிறகுதான் குசினி விளக்கை அணைப்பாள்.

ஜேர்மனியில் இருந்த காலத்திலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. தம்பி யோகலிங்கம் வீடுகளுக்குச் சுடுதண்ணீர்ப் பொய்லர் பூட்டுகிறவன், காஸ் வேலைதான் அவன் தொழில். அக்காவுக்குக் காஸ் என்றால் பயம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். தான் பூட்டின அடுப்பையே அக்கா நம்புகிறா இல்லை என்பான். மலர் மறுத்துச் சொல்வதில்லை. பயம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். என்னவென்று சொல்ல அவளிடம் ஒரு சொல் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடம் நின்றவள். தாய் படுக்கையில் விழ, அகப்பை அவள் கைக்கு வந்தது. இருபத்திரண்டாவது வயதில் கலியாணம் பேசி ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். டோர்ட்முண்ட் ரயில் நிலையத்தில் அவளைக் கூட்டிப்போக வந்து நின்றது, அங்கே முதலே போயிருந்த தம்பி மட்டும். மாப்பிள்ளைக்கு மனம் மாறிவிட்டது. பிறகு யாரும் பேசவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. தம்பி சுவர்ணாவைக் கட்டினான், தக்ஷிகா பிறந்தாள், பிள்ளைக்கு ஆறு வயதாக எல்லாரும் லண்டனுக்கு வந்து மோர்டனில் வீடு எடுத்தார்கள். மலர் கூடவே வந்தாள். காலையில் இரண்டு அலுவலகங்கள் கூட்டித் துடைத்துவிட்டு வந்து சமைப்பாள். எந்த வீட்டில் இருந்தாலும் அவளுக்கென்று இருந்த இடம் அடுப்படிதான்.

கோவிட் காலத்தில் அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. தக்ஷிகா தன் பழைய போனை அவளிடம் கொடுத்திருந்தாள். மலர் அதில் சமையல் வீடியோக்கள் பார்ப்பாள். அப்படிப் பார்த்துக்கொண்டு போனபோது, ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றி, கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஏதோ சொல்லிவிட்டுச் சமைக்கத் தொடங்கியதைக் கண்டாள். சமைத்து முடிந்ததும் இன்னும் இரண்டு சொட்டு. மலர் மொழிபெயர்ப்பை அழுத்திப் பார்த்தாள். முதலும் உனக்கு, கடைசியும் உனக்கு என்று வந்தது.

அது ஹெஸ்தியா என்ற கிரேக்கத் தெய்வம். அடுப்புக்குரியவள். கூடப்பிறந்தவர்களில் மூத்தவள். தகப்பன் பிள்ளைகளை விழுங்கியபோது முதலில் விழுங்கப்பட்டவளும் கடைசியில் வெளியே வந்தவளும் அவள்தான். இரண்டு தெய்வங்கள் பெண் கேட்டும் கலியாணம் வேண்டாம் என்றுவிட்டாள். அரசனாகிவிட்ட கடைசித் தம்பியின் வீட்டில், நெருப்புக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவளுக்குச் சிலைகள் குறைவு. எரிகிற நெருப்புத்தான் அவள்.

மலர் அந்த வீடியோவை மூன்று தரம் பார்த்தாள். மூன்றாம் தரம் பார்த்து முடித்துவிட்டு எழுந்து போய் அடுப்பின் விளிம்பில் கையை வைத்தாள். பகல் பதினொரு மணி. அடுப்பு ஆறிக் கிடந்தது.

அந்தப் பழைய தெய்வங்களை இந்தக் காலத்திலும் கும்பிடுகிறவர்கள் இணையத்தில் குழு வைத்திருந்தார்கள். நாலாயிரம் பேர். ஏதென்சில், பிரேசிலில், கனடாவில், லீட்ஸில். சேர்ந்து இரண்டு மாதம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பிறகு தமிழில் எழுதி ஆங்கிலமாக மாற்றி ஒரு படத்தோடு போட்டாள். காஸ் அடுப்பு, ஜாம் போத்தலுக்குள் மெழுகுதிரி, பக்கத்தில் ஒரு செம்பு. கும்பிடுமுன் எரிகிற இலையைத் தண்ணீரில் அணைத்து அந்தத் தண்ணீரால் கை கழுவ வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். எந்த இலை என்று சொல்லாதபடியால் அவள் கறிவேப்பிலையை எரித்திருந்தாள். அதைக் கண்டு குழுவே பூரித்துப்போனது. லீட்ஸில் இருந்த ரோவன் என்றவர், இனித் தானும் கறிவேப்பிலைதான் வாங்கப்போவதாக எழுதினார். ஒரு நாளில் இத்தனை பேர் தன்னோடு பேசியது மலருக்கு அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதை அவள் விடவில்லை. தெய்வங்களுக்குள் மனவருத்தம் இருந்தால் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவுமில்லை. ஜாம் போத்தல் மெழுகுதிரியைக் கண்ட சுவர்ணா, மீன் மணத்துக்கு நல்லது என்று தானும் ஒரு வாசனைத் திரி வாங்கிவந்து வைத்தாள்.

பிழை அமாவாசையில் வந்தது. நிலவில்லாத நாளில் சந்திகளுக்குக் காவலான ஹெக்காத்தே என்ற கிரேக்கத் தெய்வத்துக்கு முட்டை, உள்ளிப்பூண்டு, பேக்கரிப் பாண் வைப்பது அந்தக் குழுவின் வழக்கம். மலரும் வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தாள். படைத்ததை எறியக் கூடாது என்று வளர்ந்தவள், ஆகையால் கும்பிட்டபின் எடுத்து வைத்து, செத்த தகப்பனுக்குப் பிடிக்கிற அமாவாசை விரதம் முடிந்து அடுத்த நாள் சூடாக்கிச் சாப்பிட்டாள். ஒரு வருடம் இப்படிச் செய்த பிறகுதான் பேச்சுவாக்கில் குழுவில் அதைச் சொன்னாள். ரோவன் உடனே பதில் போட்டார். அந்தப் பங்கு எங்களுடையது அல்ல, சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போக வேண்டும். அதன் கீழே இன்னும் ஏழு பதில்கள் மடிந்து கிடந்தன. அவற்றைத் திறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

சந்தி என்றதும் அவளுக்குத் தாயின் ஞாபகம் வந்தது. ஊரில் முச்சந்தியில் முட்டையும் எலுமிச்சம்பழமும் கிடந்தால் கழிப்புக் கழித்தது, கெடுதல் ஒட்டிக்கொள்ளும் என்று தாய் கையைப் பிடித்து விலத்திக் கூட்டிப்போவாள். ஆனால் இது மோர்டன். தபால் பெட்டி நிற்கிற மூலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த றோட்டில் பதினொரு தமிழ் வீடுகள் இருந்ததை அவள் அந்த நேரம் எண்ணிப் பார்க்கவில்லை.

ஐப்பசி அமாவாசை. பின்னேரம் இருட்டுப்படும் நேரம். கடுதாசிக் கோப்பையில் முட்டை, மூன்று பல் உள்ளி, ஒரு துண்டுப் பாண். குந்தி வைத்துவிட்டு, குழுவுக்காக ஒரு படம் எடுத்தாள். பிறகு திரும்பி நடந்தாள். சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பிடத்தில் பக்கத்து வீட்டு டொலறஸ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டிருப்பாள்.

அன்றிரவே அந்தக் கோப்பை இரண்டு இடங்களில் தெரிந்தது. கிரேக்கத் தெய்வக் குழுவில் நூற்றுநாற்பது பேர் இதயக்குறி போட்டிருந்தார்கள். றோட்டுத் தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் டொலறஸ் எழுதியிருந்தாள்: "முச்சந்தி. அமாவாசை. முட்டை. வைச்சவ திரும்பிப் பாக்காமல் போறா. ஆள் ஆரெண்டு நான் சொல்ல மாட்டன்." சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. படத்தில் முதுகு தெரிந்தது. அந்த மண்ணிறக் கோட்டைச் சுவர்ணாதான் நத்தார் மலிவு விற்பனையில் மச்சாள் மலருக்கு வாங்கிக் கொடுத்தவள்.

அந்த நேரம் பார்த்து வீட்டில் தக்ஷிகாவின் கலியாணப் பேச்சு இழுபட்டுக்கொண்டிருந்தது. சவுத்தால் மாப்பிள்ளை வீட்டார் சாதகக் குறிப்புப் பொருந்தியது என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதமாக வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை மலர் குசினிக்குள் வந்தபோது சுவர்ணா முதலே அங்கே நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் இருங்கோ மச்சாள். எவ்வளவு காலம் நீங்களே செய்யிறது. இனி நான் பாக்கிறன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் மலருக்குப் பயமாக இருந்தது. மூன்று நாள் அப்படியே போனது. அமாவாசைக்கு முந்தின நாள் மலர் வைத்திருந்த மீன்குழம்பு குப்பைவாளிக்குள் மூடியோடு கிடந்ததைக் கண்டாள். தக்ஷிகாவின் அறைவாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கியதைக் கண்டாள். தேத்தண்ணீர் போட எழுந்தால், சுவர்ணா போட்டுக் கொண்டுவந்து கையில் தந்துவிட்டுப் போனாள். யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அல்லது சொல்லாமலும் இருந்திருப்பாள். அவளுக்கே தெரியவில்லை.

நாலாம் நாள் யோகலிங்கம் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அவளுக்கு எதிரே குசினி மேசையில் இருந்தான். டொலறஸின் படத்தைக் காட்டினான். அக்கா சூனியம் செய்கிற ஆள் இல்லை என்று தனக்குத் தெரியும் என்றான். சுவர்ணாவுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான் என்றான். காரணத்துக்குச் செத்த தகப்பனையே எடுத்துக் கொடுத்தான்.

"ஐயாவுக்கு வைச்சனெண்டு சொல்லுங்கோ அக்கா. அமாவாசைதானே. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

"ஐயாவுக்கு ஆர் தம்பி முட்டை வைக்கிறது? அவற்ற விரதம் மரக்கறியெல்லோ."

"முட்டையை ஆர் கேக்கப் போகினம்?"

அவன் வழி திறந்துதான் விட்டிருந்தான். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் நாளைக்கே அகப்பை கைக்குத் திரும்பிவரும். மலர் மேசையில் இருந்த உப்புப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் ஓம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள் அவள்.

"முப்பத்திரண்டு வருசம் அவருக்கு விரதம் பிடிச்சிருக்கிறன். இதுக்கு அவரைச் சாட்ட ஏலாது," என்றாள்.

"அப்ப ஆருக்கு வைச்சது?"

அவள் போனைத் திறந்து கொடுத்தாள். யோகலிங்கம் கறுத்த பெருவிரலால் படங்களைத் தள்ளிப் பார்த்தான். ஜாம் போத்தல். கறிவேப்பிலை. அடுப்பின் ஐந்து திருகுகள். அந்த இடத்தில் விரல் நின்றது.

"வெள்ளைக்காரச் சாமியோ?"

"கிரேக்கச் சாமி."

"எங்களிட்ட இருக்கிற சாமியள் போதாதோ அக்கா?"

"காணும். இது அடுப்புக்கு."

அவன் சிரித்துவிட்டான். நிம்மதிச் சிரிப்பு. தக்ஷிகா படியால் இறங்கி வந்து போனைப் பறித்துப் பார்த்தாள். "அம்மா உங்களை விட்ச் எண்டு நினைக்கிறா. நீங்கள் சும்மா ஒரு பேகன், பழைய சாமியைக் கும்பிடுற ஆள். அது எவ்வளவோ கூல், மாமி," என்றாள். ஆனால் சுவர்ணா கதவடியில் நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நான் உங்களைக் குற்றம் சொல்லேல்லை மச்சாள். நீங்கள் வளத்த பிள்ளை, அவளுக்குக் கெடுதல் நினைக்க மாட்டீங்கள்," என்றாள். கதவடியை விட்டு உள்ளே வராமலே, "ஆனா இனி உங்கட கையால சாப்பிட எனக்கு மனம் வராது," என்றாள்.

மனம் வராது என்றால் வராது. இருபத்தேழு வருடம் அந்தக் கையால் சாப்பிட்டவள் சொன்னது.

அன்றைக்கு மலர் நடந்ததைக் குழுவில் எழுதினாள். ரோவன் தன் பதிலால்தான் வந்தது என்று மன்னிப்புக் கேட்டார். யாரோ ஒருத்தி மடிந்துகிடந்த அந்த ஏழு பதில்களையும் பார்க்கச் சொன்னாள். மலர் முதல் தடவையாகத் திறந்தாள். மூன்றாவது பதிலில் இருந்தது: இந்தக் காலத்தில் சந்தி தேவையில்லை, அந்தப் பங்கை உணவு வங்கியில் கொடுத்தாலே போதும். அவள் சந்திக்குப் போகுமுன்பே எழுதப்பட்ட வரி அது. பலர் அவளுக்காக மெழுகுதிரி ஏற்றுவதாக எழுதினார்கள். ஏற்றியும் இருப்பார்கள், நல்ல சனங்கள். ஆனால் அந்த நாலாயிரம் பேரில் ஒருவருக்கும் அவள் வைக்கிற மீன்குழம்பின் ருசி தெரியாது. மலர் செய்தது சூனியம் என்பது பொய்யென்று சுவர்ணாவிடம் வந்து சொல்ல அதில் ஒருவராலும் ஏலாது.

அடுப்பில்லாமல் அந்த வீட்டில் எங்கே இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சோபாவில் இருந்தால் விருந்தாளி போல இருந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு, அடுப்போடு ஒரு அறை பார்த்துத் தரச் சொல்லித் தம்பியிடம் கேட்டாள். அவனிடம் அவள் கேட்ட முதல் பொருள் அது. கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவனுடைய கூட்டாளி கனகலிங்கம், கடைக்கு மேலே இருந்த அறையைக் கொடுத்தார்.

அடுப்பை யோகலிங்கமே கொண்டுவந்து பூட்டினான். சின்னது, இரண்டு வாய். குழாய்ப் பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்தான். எரித்துப் பார்த்து அணைத்தான். பிறகு போகும்போது இரண்டு திருகுகளையும் விரலால் தொட்டுவிட்டுப் போனான்.

தை மாதம் சவுத்தால் மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து சம்மதம் வந்தது. கலியாணம் ஆவணியில். மலர் வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதத்தில் காரியம் கூடிவந்ததைப் பற்றிச் சுவர்ணா ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. டொலறஸும் மற்றவர்களும் தாங்களாகவே கணக்குப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்று வசந்தமலருக்கு ஐம்பத்தாறு வயது. கடைக்கு மேல் அறையில் தனியாக இருக்கிறாள். காலையில் கீழே மரக்கறியில் நல்லதைத் தெரிந்தெடுத்து அடுக்குகிறாள். அமாவாசையில் தகப்பனுக்கு விரதம் இருக்கிறாள், ஒரு டின் மீனும் ஒரு பைக்கற் மாவும் உணவு வங்கிப் பெட்டியில் போடுகிறாள். குழுவில் கிழமைக்கு ஒரு படம் போடுகிறாள். ரோவன் எப்போதும் பதில் எழுதுகிறார். தம்பி மாதத்தில் ஒருமுறை வந்து சாப்பிட்டுப் போகிறான். தக்ஷிகா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். சுவர்ணா வரவில்லை. மற்ற நாட்களில் ஒருவருக்கு மட்டும் சமைக்கிறாள், முதல் சொட்டும் கடைசிச் சொட்டும் விடுகிறாள், இரண்டு திருகுகளையும் தொட்டுப் பார்க்கிறாள்.