எல்லாக் கையும் உயர்ந்த நாள்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கல்வித் தத்துவம் எடுத்தவரைத் தத்துவ சார் என்போம். கள்ளக்குறிச்சிப் பக்கம் இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி சூடாக இருந்த காலம் அது. சாலையில் மரத்தை வெட்டிப் போட்டால் அன்றைக்குப் பஸ் கிடையாது. எங்கள் ஆசிரியர் அறையில்கூட இன்ன சாதிக்கு இன்ன மூலை என்று நாற்காலிகள் பிரிந்துவிட்டன. எல்லா மூலையிலும் உட்கார்ந்து டீ குடித்தவர் தத்துவ சார் ஒருவர்தான். கரும்பு வெட்டும் கூலிக்காரர் மகளான என்னை, "வாங்கம்மா" என்பார். அதுவரை எந்த வாத்தியாரும் என்னை 'வாங்க' என்றதில்லை. அவர் சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு.

"தெரியலன்னு வாயத் தெறந்து சொல்லுது பாருங்க ஒரு புள்ள, அதுதாம்மா படிக்க ஆரம்பிச்ச புள்ள. அது வாய அடைச்சிட்டு நீங்க இன்னா பாடம் நடத்தினாலும் வேஸ்ட்டு" என்று மேசையைத் தட்டுவார். வகுப்பில் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். எனக்கோ உடம்பு சிலிர்க்கும்.

கற்பித்தல் பயிற்சிக்கு என்னைக் கச்சிராயபாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்பு. பாதிப் பிள்ளைகள் உள்ளூர். மீதிப் பேர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படித்தவர்கள். மலைப் பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்காருவார்கள். எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியுங்க" என்பார்கள். தெரியாது என்றால் புளியங்குச்சி பேசும் என்பது அவர்கள் கண்ட பாடம்.

குச்சியை நான் முதல் நாளே ஒடித்துப் போட்டேன். தெரியாது என்று சொல்கிறவரை அடிக்க மாட்டேன், யாரையும் சிரிக்க விட மாட்டேன், அந்த இடத்திலிருந்துதான் பாடம் ஆரம்பிக்கும் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. பின்னக் கணக்கு நடந்த ஒருநாள், கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். மலைப் பெண். காலாண்டுப் பரீட்சை முடிந்தும் வகுப்பில் 'தெரியுங்க' தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவள் என்று சொல்லியிருந்தார்கள்.

"மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசான்னு எனக்குத் தெரியல டீச்சர்."

மறுநாள் ஒரே நீளத்தில் இரண்டு கரும்புத் துண்டு கொண்டுபோனேன். ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் அவளையே வெட்டச் சொன்னேன். வெட்டினாள். மூன்றாக வெட்டியதில் ஒரு துண்டை எடுத்து, "இதான் பெருசு, இத நான் எடுத்துக்கறேன்" என்று கடித்தாள். வகுப்பே சிரித்தது. அதன்பின் மடை திறந்துவிட்டது. எனக்கும் தெரியல, எனக்கும் தெரியல என்று ஒரே கூச்சல். தலைமையாசிரியர் வந்து, "இன்னாம்மா, சந்த மாதிரி கத்திக்கினு கீதுங்க?" என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் கறியே வைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தத்துவ சாரிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியது. பொய்யில்லை, கலங்கியது. "கமிஷன உங்க வகுப்புக்கே இட்டுக்கினு வரேம்மா" என்றார். கமிஷன் என்றால் செய்முறைத் தேர்வு. வெளியூர் அதிகாரி ஒருவர் பின்னால் உட்கார்ந்து நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்.

அன்று பார்த்துச் சாலை மறியல். பஸ் பாதியில் நின்றுவிட்டது. சுருட்டிய வரைபடங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த புளியமரத்தைத் தாண்டி நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் வகுப்பிலிருந்து தத்துவ சார் வெளியே வந்தார். "பதறாதீங்க, புள்ளைங்க ரெடியா இருக்குதுங்க" என்றார். எனக்காக வகுப்பைப் பார்த்துக்கொண்டாரே என்று மனம் குளிர்ந்தது.

அதிகாரி வந்து பின்னால் உட்கார்ந்ததும் பாடத்தைத் தொடங்கி, ஐந்தில் ஒரு பங்கு பெரியதா, ஆறில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டேன். எல்லாக் கையும் உயர்ந்தது. கடைசி வரிசை முழுக்க. பூரித்துப்போய் அந்தச் சிறுமியை எழுப்பினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்க்காமல் தத்துவ சாரையே பார்த்தாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு கண்ணு" என்றேன். தூக்கிய இடது கையை இறக்காமலே நின்றாள். அதிகாரிக்குப் பின்னால் நின்ற சார் தன் வலது கையைத் தட்டித் தட்டிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. கடைசியில் அவரே முன் வரிசைப் பையனை எழுப்பினார். அவன் மடமடவென்று ஒப்பித்தான். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

"இன்னாம்மா நீங்க, கையப் பாக்காம எழுப்பறீங்க? தெரிஞ்ச புள்ள வலது கை, தெரியாத புள்ள இடது கை. எல்லா எடத்துலயும் செய்யறதுதானே!" என்றார் தத்துவ சார்.

"நீங்க வகுப்புல சொன்னதுங்க சார்..."

"அது பரீட்சைக்கு எழுதறதும்மா. உங்க மார்க்கு போயிடக் கூடாதேன்னுதான் இவ்ளோ கஷ்டப்பட்டேன்."

குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். கேட்க விடாமல் அவ்வளவு கரிசனமாகப் பேசினார். நல்ல மதிப்பெண்ணும் வாங்கிக் கொடுத்தார்.

மதியம் சத்துணவு வரிசையில் அந்தச் சிறுமி தட்டோடு நின்றாள். தெரியலன்னு ஏன் சொல்லல என்று கேட்டேன்.

"நீங்கதானே டீச்சர் சொல்ல வாணாம்னு சொல்லி அனுப்பினீங்க. சார் சொன்னாரு. தெரியலன்னு சொன்னா உங்களுக்கு மார்க்கு போயிடுமாம். அத எங்ககிட்டச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இருக்குதாம்."

அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "நான் அப்டிச் சொல்லவே இல்லம்மா. சத்தியமா. நான் அப்டிச் சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியுங்க" என்றாள்.