ஆயுத பூஜையன்று ஊற்றிய ஆசிட்

கோவளத்தில் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தேன். லாரி, டிராக்டர், கல்யாண வீட்டு மைக்செட் என்று எது மக்கர் செய்தாலும் அதன் பேட்டரி என்னிடம்தான் வரும். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரேயொரு படகின் இரண்டு பேட்டரிகள்தான் கண்முன் வந்து நிற்கின்றன. விரட்டினாலும் போவதில்லை.

தொண்ணூறுகள் முடிந்த சமயம். பக்கத்து ரிசார்ட் ஒன்றில் பாய்மரப் படகு வாங்கியிருந்தார்கள். அதை ஓட்டியவன் என் சிநேகிதன், கோவளத்து மீனவன். பாய், சின்ன டீசல் இன்ஜின், பேட்டரியில் ஓடும் மோட்டார் என்று மூன்றும் அதில் உண்டு. விருந்தாளிகளுக்கு டீசல் புகை ஆகாது, அதனால் காற்று இல்லாத நேரத்தில் மோட்டார். நல்ல காற்றில் பாய் இழுக்கும்போது, ஓடுகிற தண்ணீரே அடியிலுள்ள விசிறியைச் சுற்றும். மோட்டார் டைனமோவாகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். அவனுக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

“மச்சான், காத்தே கரண்டு குடுக்குது. நீ கடைய மூடிட்டு வூட்டுக்குப் போ,” என்பான்.

மூட வேண்டி வரவில்லை. சின்னச் சின்ன சவாரியில் பேட்டரி எங்கே நிரம்பும்? அரைவயிறாகவே கிடந்து கிடந்து ஒன்று நோயாளியாகிவிட்டது. ஜோடியில் ஒன்று படுத்தால் மற்றது மட்டும் நின்று பயனில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் இரண்டையும் கொண்டுவந்து இறக்கினான்.

“இஞ்சின செங்கல்பட்டுல பிரிச்சிப் போட்டு வச்சிகீறாங்க. நாளான்னிக்கி மாமல்லபுரத்துல கெஸ்ட்டுங்க காத்துகினு இருப்பாங்க. இத்த நம்பித்தான் போறேன் மச்சான்.”

அந்த நிலைமையில் இருந்த பேட்டரிக்கு மெதுவாக இரண்டு நாளாவது சார்ஜ் ஏற்ற வேண்டும். எங்கள் கடை வழக்கமோ வேறு. பூஜையன்று காலையில் சார்ஜருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைத்துவிட்டால், மறுநாள் விடியும்வரை சுவிட்சைத் தொடமாட்டோம். ஒரே ராத்திரி ஏறிய சார்ஜோடு அதை அணைத்தேன். ஆகாது, வேறு பேட்டரி பார் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கடையிலிருந்து எந்தப் பேட்டரியும் செத்துத் திரும்பியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அன்று மத்தியானம் நோயாளி பேட்டரியிலிருந்து கொஞ்சம் பழைய தண்ணியை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆசிட் ஊற்றினேன். சார்ஜ் அளக்கும் ஹைட்ரோமீட்டரின் மிதவை, ஃபுல் என்று காட்டும் பச்சைக்கு ஏறியது. ஆசிட் கெட்டியானால் மிதவை ஏறும். உள்ளே சார்ஜைத் தேக்கும் ஈயப் பிளேட்டுக்கு அதனால் வலு வந்துவிடாது. தெரிந்துதான் செய்தேன். வழியில் காற்று அடிக்கும், பாய் இழுக்கும், மிச்சத்தை விசிறியே ஏற்றிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விஜயதசமி விடிந்ததும் வந்தான்.

“இன்னா மச்சான், ரெடியா?”

“ஃபுல்,” என்று மிதவையைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்து, சிரித்து, தூக்கிக்கொண்டு போனான்.

பத்து மணிக்கு மேல் கடை வாசலில் கட்டியிருந்த மாவிலை அசையவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று சுத்தமாக நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் படகு மரக்காணம் பக்கம் கிடைத்தது. அவன் இல்லை. கடல் கடைசிவரை அவனைத் திருப்பித் தரவேயில்லை. விருந்தாளிகள் என்றோ விட்டுப்போன காலி பிராந்தி பாட்டில் ஒன்று படகில் உருண்டுகொண்டிருந்தது. அது போதுமே, குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நானும் போய்ப் பார்த்தேன். மோட்டார் லீவர் முழு வேகத்துக்கு முன்னால் தள்ளப்பட்டிருந்தது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. காற்றும் இல்லாமல், மோட்டாரும் செத்து, நீரோட்டம் இழுத்துப் போகையில் எத்தனை தடவை இழுத்து இழுத்துத் தள்ளியிருப்பான்? இந்தக் கேள்வி இன்றும் சோற்றுக்கு முன்னால் வந்து உட்காருகிறது.

ஒரு மாதம் கழித்து, ரிசார்ட்டில் கொடுத்த அந்த இரண்டு பேட்டரிகளையும் அவன் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்தாள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. பேட்டரி நல்லா இருந்துச்சா? இது கால வாரிவுட்டிருந்தா, அவரு குடிக்கலன்னு நான் நம்பிக்குவேன்.”

நோயாளி பேட்டரிக்குள் ஹைட்ரோமீட்டரை விட்டேன். மிதவை இன்னமும் பச்சையில் நின்றது. அவளும் பார்த்தாள்.

“நல்லாத்தாம்மா கீது.”

தலையாட்டினாள். அழவில்லை. “அப்ப கரண்டு போறப்ப வூட்ல லைட்டுக்கு வச்சிக்கிறேன். சார்ஜ் போட்டுக் குடுண்ணா,” என்றாள்.

பத்து நிமிஷத்தில் அந்த விளக்கு அணைந்தால் நான் மாட்டிக்கொள்வேன். பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு, நோயாளி பேட்டரியின் பிளேட்டுகளை மொத்தமாக மாற்றினேன். அதன் பிறகு வருஷக்கணக்கில் அவள் அவற்றைக் கொண்டுவந்தாள், நான் பழுது பார்த்து அனுப்பினேன். “உன் கை ராசிண்ணா,” என்பாள் ஒவ்வொரு முறையும். என் பொய் சாகாமல் இருக்க நானே டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் மகன் செங்கல்பட்டில் வேலைக்குப் போக ஆரம்பித்த வருஷம் என்னைத் தேடி வந்தாள்.

“அவங்கப்பா போட்டோவ வூட்ல மாட்டவுட மாட்டேன்றான். குடிகாரனுக்கு மாலையான்னு கேக்கறான். நீ சொன்னா கேப்பாண்ணா.”

போனேன். போட்டோ சுவரைப் பார்த்தபடி சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அவள் கையில் சுத்தியும் ஆணியுமாகக் கதவோரம் நின்றாள். உங்கப்பா நல்லவர்தாம்பா என்று ஆரம்பித்தேன். அவன் என்னை முழுதாகப் பேசவிடவில்லை.

“மாமா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கி படகுல எந்தக் கோளாறும் இல்லதான?”

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லப்பா,” என்றேன்.

அவள் அந்த ஆணியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.