கிணற்றின் மேல் போன வண்டிப்பாதை

தொண்ணூற்று நான்காம் வருடம், தை மாதம். கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் டிராயிங் போடும் வேலை எனக்கு. உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் கிளறிக்கொண்டிருந்தபோது, துணி ஒட்டி மடித்த ஒரு வரைபடம் கையில் சிக்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்தது. கிணத்துக்கடவுக்கு மேற்கே உள்ள ஊர், குளம், கோயில் எல்லாம் அதில் இருந்தன. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அதில் பாலக்காட்டுப் பக்கம் போகும் ஒரு வண்டிப்பாதை. இன்றைக்கு அந்த இடத்தில் பாதையே கிடையாது. கண்டுபிடித்தே தீருவேன் என்று குதித்தேன். "மொதல்ல மாவு மில்லுக்குப் போற வழியக் கண்டுபுடிங்க" என்றாள் என் மனைவி.

ஞாயிறு காலை ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன். கையில் வரைபடம், அளவு டேப், குறி போட ஒரு டப்பா சுண்ணாம்பு. இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட ஓர் இட்டேரித் தடம் கொஞ்ச தூரம் போய், அறுவடை முடிந்த சோளக்காட்டில் முட்டி நின்றது. அங்கிருந்து நேர்கோடு பிடித்து நடந்தேன். வேலி ஓரம் புதருக்குள் எட்டிப் பார்த்தால்... அடடா! ஒரு சுமைதாங்கி! நட்டு வைத்த இரண்டு கற்கள், மேலே தோள் உயரத்தில் ஒரு பலகைக்கல். தலைச்சுமைக்காரர்கள் பாரத்தை இறக்கி வைக்க வழியோரம் வைப்பார்களே, அதேதான். பாதை இதுதான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? தனியாகவே கை தட்டினேன்.

டேப்பை இழுத்து அளந்து, கல்லிலும் பனை மரத்திலும் சுண்ணாம்புக் குறி போட்டேன். தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கொங்கு நாட்டு மரியாதைக்குக் கேட்கவா வேண்டும் என்று நெகிழ்ந்து போனேன்.

"எத்தன அடி அகலமுங்க சார் தடம்?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"முப்பது அடி இருக்குமுங்க! நேரா உங்க கிணத்து மேலதான் போகுது!" என்றேன் உற்சாகமாக.

இரண்டு பேரும் கிணற்றையே திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்!

அடுத்த ஞாயிறு மனைவியையும் இழுத்துக்கொண்டு, இரவல் கேமராவோடு போனேன். சுமைதாங்கி இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. பனை மரத்துக் குறியைச் செதுக்கியே எடுத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரே தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் போய், "யாருங்க அந்தக் கல்ல எடுத்தது?" என்று கத்தினேன்.

தோட்டத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்புத்தானுங்க சார். கிணறு போச்சுன்னா நாங்க எங்கீங்க போவோம்? அப்பன் காலத்துல இருந்து பாதையச் சேத்தி உழுதுபோட்டோமுங்க. கல்லு இல்லீனா எழுத மாட்டீங்கன்னு நெனச்சுப் புடுங்கிப்போட்டேனுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவிதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, உங்களச் சர்வே ஆபீசர்னு நெனச்சுட்டாங்க. கிணத்தப் புடுங்க வந்திருக்கீங்கன்னு பயந்து கெடக்காங்க!"

அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்: "அது எங்க மாமனாரோட அக்காவுக்கு வெச்ச கல்லுங்க. புள்ளத்தாச்சியா இருக்கயிலயே போயிட்டாங்க. வயித்துப் பாரம் எறங்காமப் போனவங்களுக்குச் சுமைதாங்கி வெக்கறது வழக்கமுங்க. வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு வெப்பேன். அதையே மாட்டப் பூட்டி இழுத்துட்டுப் போயி, எருக்குப்பையில பொதச்சுப்போட்டோமுங்க."

நான் ஆபீசர் இல்லை, பம்புக்குப் படம் போடுகிறவன், கவர்மெண்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

தோட்டத்துக்காரர் என்னையே பார்த்தார். "அப்பறம் எதுக்குங்க அளந்தீங்க?"

"சும்மாதானுங்க" என்றேன். என் வாழ்க்கையில் வேறெந்த வார்த்தைக்கும் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஒரு வாரமாக அவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நான் என்னடாவென்றால் ஆபீசில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்!

நாலு பேருமாகக் குப்பையைக் கிளறினோம். கடப்பாரை போட்டு நெம்பி, மாட்டைப் பூட்டி இழுத்து, பழைய இடத்திலேயே கல்லை நிறுத்தி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த அம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி விளக்கு வைத்தார். நான் கேமராவைத் தொடவே இல்லை. கிளம்பும்போது தோட்டத்துக்காரர் சிரித்தார். "இனி வந்தா ஊட்டுக்கு வந்து சொல்லிப்போட்டு அளங்க சார்."

பழைய வரைபடத்தைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் யார் காட்டில் கால் வைத்தாலும் முதலில் அவர்கள் வாசலில் நின்று, நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் மடிப்பைப் பிரிக்கிறேன். எனக்குப் பொழுதுபோக்காக இருப்பது இன்னொருவர் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்று அந்த இரண்டு பேரின் முகம் எனக்குக் காட்டிவிட்டது.