செம்பனைக்குள் நான் சொன்ன வழி

எங்கள் பொம்பா ஸ்டேஷனில், அதாவது தீயணைப்பு நிலையத்தில், தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுப்பவள். இன்னொருவர் தண்ணீர் வண்டி ஓட்டுபவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பகா டவுனிலிருந்து வந்து போவார். நான் அவரை அண்ணே என்பேன்.

அன்று மத்தியானம் போன் எடுத்தபோது ஒரு பெண் மலாயில் தடுமாறினார். "தமிழ்லயே சொல்லுங்கம்மா" என்றேன்.

"பழைய லயத்துல நெருப்பும்மா. கடைசி வீடு. குசினிப் பக்கம் எரியுது."

எஸ்டேட்டின் பெயரைச் சொன்னதும் எனக்கு உடம்பு நிமிர்ந்துவிட்டது. நான் பிறந்த எஸ்டேட் அது. பன்னிரண்டு வயதுவரை அதே லயத்து வரிசை வீடுகளில்தான் இருந்தேன்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"வயசானவங்க ரெண்டு பேரு. அந்தம்மா வாதம் வந்து படுக்கையில. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க, நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு. எப்படித் தூக்குறது?"

"பயப்படாதீங்க. பத்து நிமிஷத்துல எங்க ஆளுங்க வந்து தூக்கிருவாங்க."

எப்படியாவது வெளியே இழுத்துப் போடுங்கள் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது அது. அந்தப் பத்து நிமிடத்தை அவ்வளவு உறுதியாக நம்பினேன்.

அந்த எஸ்டேட் இரண்டு மாவட்டங்களின் எல்லையில் இருக்கிறது. அங்கே நெருப்பென்றால் பக்கத்து மாவட்ட ஸ்டேஷனுக்கும் தகவல் சொல்வது வழக்கம். சொன்னேன். அங்கிருந்தவர், தங்கள் வண்டி தயாராக நிற்கிறது, அனுப்பட்டுமா என்று மலாயில் கேட்டார். வேண்டாம், எங்கள் வண்டி முதலில் போய்விடும் என்றேன். அப்போது என் குரலில் ஒரு பெருமை இருந்தது. அது இன்றும் என் காதில் கேட்கிறது.

வண்டி நிற்குமிடம் என் ஜன்னலுக்கு நேர் எதிரே. அண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் தலையை நீட்டிக் கத்தினேன். "அண்ணே, பெரிய சடக்குல போனா சுத்து வழி. கோயிலைத் தாண்டி மண் சடக்குல திரும்புங்க. செம்பனைத் தோட்டத்துக்குள்ள நேரா லயத்துக்குப் போயிரும்."

"மழை பேஞ்சிருக்கேம்மா. லோரி போற வழிதானா?"

"நான் பொறந்த எடம்ண்ணே. போங்க."

அவர் போனார். வண்டியிலிருந்த மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது.

எண்ணெய் எடுக்கும் பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்றுகள் நட்டிருந்ததும், அதற்காக அந்தச் சடக்கின் குறுக்கே ஆள் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியிருந்ததும் எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் வண்டியின் முன்சக்கரம் புதைந்துவிட்டது. வயர்லெஸ்ஸில் அதைக் கேட்டதும் பக்கத்து ஸ்டேஷனை அழைத்தேன். முன்பு பேசியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை அனுப்பினார். பக்கத்திலிருந்த எண்ணெய் மில்லின் தீயணைப்புக் குழுவையும் கூப்பிட்டேன். அவர்கள்தான் ஒரு சிறிய பம்புடன் முதலில் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குள் கூரை பற்றிக்கொண்டிருந்தது. பொம்பா ஆட்கள் வந்து தூக்குவார்கள் என்று போன் செய்த பக்கத்து வீட்டம்மா சொன்னதை நம்பி மனைவியின் கட்டிலருகே காத்திருந்த பெரியவர், இனி வரமாட்டார்கள் என்று தெரிந்தபிறகு அந்தம்மாவைப் பாயோடு இழுத்திருக்கிறார். வாசலில் எரிந்து விழுந்த பலகையைக் கையாலேயே தள்ளியிருக்கிறார். அந்தம்மாவுக்குப் புகைதான், பிழைத்துக்கொண்டார். பெரியவரின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

மறுநாள் விசாரணையில் நானும் அறையில் இருந்தேன். ஏன் அந்த வழியாகப் போனாய் என்று அதிகாரி அண்ணனிடம் கேட்டார்.

"குறுக்கு வழின்னு நெனச்சேன், துவான்" என்று மலாயில் பணிவாகச் சொன்னார் அவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டி புறப்பட்ட நேரம், போன் வந்த நேரம் எல்லாம் என் பதிவேட்டில் ஒழுங்காக இருந்தன. ஜன்னலில் கத்தியது அதில் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மூன்று வாரம் அவர் குழாய்களைச் சுருட்டி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். காலையில் வழக்கம்போல "சாப்டியாம்மா?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கைகளில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் நான் யாரென்று சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்கதானா போன் எடுத்தது? தமிழ்ல பேசுனதே தைரியமா இருந்துச்சுன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து ஸ்டேஷன் வண்டியை வேண்டாமென்றது, வழி சொன்னது, பத்து நிமிடம் என்றது.

"பத்து நிமிஷம்னாங்களே, அதான் இருந்தேன்" என்றார் பெரியவர். "இல்லாட்டி அப்பவே இழுத்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே அதிகாரியிடம் போய்ச் சொல்லி எழுதியும் கொடுத்தேன். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அண்ணன் மறுபடி வண்டி ஓட்டப் போனார். அவருக்கு என்மேல் வருத்தம். "நான்தான் ஒத்துக்கிட்டேன்ல? ஸ்டியரிங் என் கையிலதானே இருந்துச்சு?" என்றார். "சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கணும். மூணு வாரம் கழிச்சு யாருக்காகச் சொன்ன?"



இப்போது எல்லையோரத்து எஸ்டேட்டுகளுக்கு இரண்டு ஸ்டேஷன்களும் ஒரே நேரத்தில் வண்டி அனுப்புகின்றன. யாரும் யாரையும் கேட்பதில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை இரு பக்கத்து ஆட்களும் மில் குழுவும் சேர்ந்து மண் சடக்குகளில் ஓட்டிப் பார்த்து வரைபடத்தைத் திருத்துகிறோம். நல்ல ஏற்பாடு என்று மேலதிகாரிகள் பாராட்டினார்கள். பாராட்டும்போது என் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியவரும் மனைவியும் செண்டாயானில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். நான் போய்ப் பார்ப்பேன். அவருடைய விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. முன்பு மனைவிக்கு அவரே சோறு ஊட்டுவார், இப்போது மகள் வேலைக்குப் போகும் முன் ஊட்டிவிட்டுப் போகிறார். போன வாரம் போனபோது அவர் கரண்டியைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டு முறை நழுவியது. எடுத்துக் கொடுக்க நான் குனிந்தேன்.

"இருக்கட்டும்லா, நானே எடுக்குறேன்" என்றார்.