மசக்கை என்று பேர் வைத்தார்கள்

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த அன்றே, இதை என் மாமியாரிடம் சொல்லக் கூடாது என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசி வைத்துக்கொண்டோம். என் மாமனார் தொண்டையில் அதே நோய் வந்து செத்தவர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, கஞ்சி கரைத்து ஊற்றியது, தலையணையில் உதிர்ந்த முடியைப் பொறுக்கியது எல்லாம் மாமியார்தான். அந்த நோயின் பெயரை இன்றுவரை வாயால் சொல்லமாட்டார். யாராவது சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவார். அவரிடம் போய் எனக்கும் அதுதான் என்று எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா நல்ல மாதிரி. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிடலாம், ஆபரேஷன் அப்புறம் என்றார். வாந்தி வரும், முடி கொட்டும், வாய் புண்ணாகும், காய்ச்சல் கண்டால் உடனே ஓடி வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், குழந்தை எத்தனை என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த மருந்தில் மாதவிலக்கு நின்றுபோகலாம், திரும்பி வராமலும் போகலாம், குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அதற்கென்று தனி டாக்டரைப் பார்க்கலாம் என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது. பார்க்காத டாக்டர் இல்லை, சுற்றாத கோவில் இல்லை, எல்லாம் ஓய்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. "இனிமே எதுக்கு டாக்டர், என்னைக் காப்பாத்துங்க போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். மாடிப்படி இறங்கும்போதுதான் தெரிந்தது. ஆசை செத்துப்போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது சும்மா. அது உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

மாமியாரிடம், எனக்கு ரத்தம் கம்மியாக இருக்கிறது, லேடி டாக்டரிடம் காட்டுகிறோம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய் ஊசி போடவேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். பாவம், அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லும்போது நாங்கள் நெய்கிற பட்டுத்தறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதல் முறை மருந்து ஏற்றப் போன அன்று எனக்கு இருந்த பயத்தை மறைக்க வாயாடிக்கொண்டே இருந்தேன். என் வாய் நீளம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். நர்ஸ் கொண்டு வந்த மருந்து நல்ல அரக்குச் சிவப்பாக இருந்தது. நாங்கள் முந்தானைக்குப் போடுவோமே, அதே சாயம். "இது சாயம் போகுமா சிஸ்டர்" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்கு செவப்பா போகும்மா, ரத்தம்னு பயந்துடாத" என்றாள். மருந்து கை நரம்பில் ஜில்லென்று ஏறியது. வீட்டுக்காரர் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இது என்னைக் காப்பாற்ற வந்ததா, கொல்ல வந்ததா என்று அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று கொஞ்சம் திமிர்கூட வந்தது. அதற்கு அடுத்த நாள் அடித்துப் போட்டது. வாயில் ஜரிகையை வைத்து மென்றது போல எப்போதும் ஒரு உலோக ருசி. தண்ணீர் கசந்தது. சோறு வேகிற வாசம் வந்தால் குடல் புரண்டது. எலுமிச்சை ஊறுகாயை நக்கிக்கொண்டு, ஆறிப்போன இட்லியைப் பிய்த்துப் பிய்த்து ஒரு வாய், ரெண்டு வாய் என்று உள்ளே தள்ளினேன்.

அந்த வாரம்தான் எங்கள் தெருவில் பாவு போட்டார்கள். ஒரு சேலைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளைத்தான் பாவு என்போம். விடிந்ததும் அதைத் தெருவில் ஏழெட்டு வீட்டு நீளத்துக்கு இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். யார் வீட்டுப் பாவானாலும் தெருவே கை கொடுக்கும். நானும் பிறந்ததிலிருந்து அந்தப் புளித்த கஞ்சி வாசத்தில்தான் வளர்ந்தேன். அன்று வாசலுக்கு வந்து ஒரு மூச்சு இழுத்ததுதான், ஓடிப்போய்ச் சாக்கடையோரம் குனிந்து கக்கினேன். கஞ்சித் தூரிகையோடு நின்றிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தியும் பதறவில்லை, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்கா தண்ணீர்ச் சொம்போடு வந்து என் முதுகைத் தடவினார்.

"எத்தினி நாளு தள்ளிப்போயிருக்குதுமா?" என்று காதோரமாகக் கேட்டார்.

கட்டி என்று தெரிந்த பதற்றத்திலேயே அந்த மாதம் எனக்குத் தள்ளிப்போயிருந்தது. "கொஞ்ச நாளாச்சுக்கா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு மேல் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அரை மணி நேரத்தில் என் மாமியாருக்குச் சேதி போய்விட்டது. அவருக்கு அது புதுச் சேதியும் இல்லை. லேடி டாக்டர், ரத்தம் கம்மி, ஊறுகாய் என்று அவர் ஏற்கெனவே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அடுப்படியில் வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னை அப்படித் தொட்டதில்லை. மகனைப் பார்த்து, "இத்தினி வருஷம் கழிச்சி அம்மா கண்ணத் தெறந்துட்டாடா" என்றார். காமாட்சியைச் சொன்னார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதையும் அவர்கள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று முதல் என்னைத் தறியில் உட்கார விடவில்லை. எங்கள் சேலை கோர்வைச் சேலை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போகவேண்டும் என்பதால் தறியில் இரண்டு பேர் வேண்டும். வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு, ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது என் வேலை. தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டு, முட்டிவலிக்காரியான மாமியாரே என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைக்கென்று முன்கூட்டியே எதையும் சேர்த்துவைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் பழைய வேட்டிகளை வெந்நீரில் போட்டு அலசிக் கிழித்து மடிக்கும்போது, இதெல்லாம் தறி துடைக்க என்றார். தறி துடைக்க யார் வேட்டியை வெந்நீரில் அலசுவார்கள்? தெருப் பெண்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டு வந்தார்கள். மாங்காய், நெல்லிக்காய், நார்த்தங்காய். எல்லாம் எனக்கு இறங்கியது, அதுதான் கொடுமை.

சொல்லிவிடலாம் என்று வீட்டுக்காரர் தினமும் கெஞ்சினார். நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, எனக்கு அதைவிடப் பெரிய கோபம் வந்தது. ஏன் சொல்லவேண்டும்? அந்த நாட்களில் எனக்குப் பயமே இல்லை, அதை யாருக்கு விளக்குவது? காலையில் குமட்டிக்கொண்டு வரும்போது மசக்கை என்று நினைத்துக்கொண்டேன். உடம்பு அடித்துப் போட்டது போல் கிடக்கும்போது, உள்ளே ஒரு உயிர் வளர்கிறது, அது என் சத்தை எடுத்துக்கொள்கிறது, எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நகம் கறுத்ததற்கும் வாய் புண்ணானதற்கும்கூட ஏதோ ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மருந்து என்று நினைத்தால் தாங்க முடியாத வாந்தி, மசக்கை என்று நினைத்தால் தாங்க முடிந்தது. ஒரு நாள் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்று வாரம் ஓடி, இரண்டாவது தடவை மருந்து ஏற்றப் போகிற நாள் வந்தது. காலையில் தலை வாரியபோது சீப்பு நிறைய முடி வந்தது. டாக்டரம்மா சொன்னதுதான், தெரிந்ததுதான். இருந்தாலும் மேற்கொண்டு வாராமல் தளர்வாக ஒரு பின்னல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெருவில் அன்று எதிர்வீட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள், மாம்பழ மஞ்சள், கஞ்சி ஈரம் காயவில்லை. ஆட்டோ பாவுக்கு அந்தப் பக்கம் நின்றது. சாதாரணமாக நாங்கள் எல்லோரும் குனிந்து பாவுக்கு அடியில் நுழைந்து போய்விடுவோம். அன்று நான் குனியப் போனபோது எதிர்வீட்டு அக்கா தடுத்தார். முழுகாமல் இருக்கிற பெண்ணைக் குனியவிடக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம், அவளுக்காகப் பாவைத் தூக்கிப் பிடிப்பார்கள். பக்கத்துக்கு நாலு பேராக நின்று, இழைகளுக்கு நடுவே கோத்த குச்சிகளைப் பிடித்து, ஒரு இழை அறாமல், அந்த ஈரப் பட்டு முழுவதையும் தலைக்கு மேலே உயர்த்தினார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்களுக்கு நானும் அப்படித் தூக்கிப் பிடித்திருக்கிறேன். எனக்கு என்று யாரும் தூக்கியதில்லை.

நான் நிமிர்ந்து நடந்தேன். பாதி வந்ததும் கண்ணீர் கண்ணை மறைத்தது. என்னையறியாமல் கையைத் தூக்கித் தலையைத் தடவிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்காவின் கை தளர்ந்து, பாவு சற்றே தாழ்ந்து என் தலையில் உராய்ந்தது. நான் அந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் பட்டில், கஞ்சி ஈரத்தில், நீள நீளமாக என் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு அல்ல, கொத்தாக.

பாவில் முடி ஒட்டினால் உடனே எடுத்தாக வேண்டும், காய்ந்தால் இழையோடு இழையாகிவிடும். எதிர்வீட்டு அக்கா பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கப் பொறுக்க வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாசற்படியில் நின்று என்னை வழியனுப்பிக்கொண்டிருந்த மாமியார் இறங்கி வந்தார். அக்காவின் கையிலிருந்த முடியை வாங்கிப் பார்த்தார். வேர் இல்லாமல் உதிர்கிற முடியை அவர் ஏற்கெனவே பார்த்தவர், யாரும் அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. குனிந்து பாவுக்கு அடியில் நுழைந்து என் பக்கம் வந்தார். முட்டிவலியோடு அவர் எப்படிக் குனிந்தார் என்று தெரியவில்லை.

"கொழந்த இல்லியாமா?" என்று கேட்டார்.

"இல்லத்தே" என்றேன்.

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் என் முடியைச் சுருட்டித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"நீயாவது இருப்பியாமா?"

அந்தக் கேள்வியை நான் டாக்டரம்மாவிடம் கேட்டதில்லை. வீட்டுக்காரர் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு நானே கேட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் மூன்று வாரமாக ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன்.

"தெரிலத்தே" என்றேன்.

அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், வீட்டுக்காரர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். பட்டுக்கடைகளைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரும் வரைக்கும் மாமியாரும் நானும் அழுதுகொண்டே போனோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, நோயாளிக்காக அழுகிறார்கள் என்று நினைத்திருப்பார். நாங்கள் அந்தப் பிள்ளைக்காக அழுதோம்.