இரண்டாவது பிரேக்

"ஃபெயில்!" என்று கத்தினார், நினைவு தப்பி சோபாவில் கிடந்தவர்.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டாக்டராக நின்ற அவருடைய தம்பி, கழுத்தில் தொங்கிய துண்டைச் சரிசெய்தபடி, "மயக்கத்துல இருக்கறவங்க பேசக் கூடாதுக்கா" என்றார்.

"எம்மவன் பேசறத கேட்டா, நெஜமா மயங்கினவளே எந்திரிச்சு உதைப்பா."

கார் ஓட்டக் கற்றுத்தருவது அந்த அக்காவின் தொழில். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் வைத்த பெயர் 'பிரேக் டீச்சர்'. அவர் கால் பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். சினிமாவில் கார் துரத்தல் வந்தாலும் மிதிக்கும். எதிரில் யாராவது கடகடவென்று பேசினால் மேசைக்கடியில் மிதிக்கும். மூக்குக்கண்ணாடி போடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது என்பது இன்னொரு கூத்து. "இரு, கண்ணாடிய மாட்டிக்கறேன், அப்பறம் சொல்லு" என்பார், போனில்கூட.

ஓட்ட வைத்துப் பார்க்காமல் யார் கையிலும் வண்டியைக் கொடுத்ததில்லை. தான் பேச முடியாமல் கிடக்கும் நாளில் தனக்காகப் பேசப்போவது யார் என்பதையும் ஓட்ட வைத்தே பார்த்தார். நாளை டாக்டரிடம் அந்த ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். இனித் தேறமாட்டார் என்றால் மெஷின் வேண்டாம், குழாய் வேண்டாம், வலி மட்டும் தெரியக் கூடாது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொன்னதுதான். ஒத்திகையில் டாக்டர் வாயைத் திறந்ததுமே மகன், "எல்லாத்தையும் மாட்டுங்க டாக்டர்!" என்று தேம்பிவிட்டான்.

"நான் வேணா பேசறேன்க்கா" என்றார் தம்பி.

"நீயா? செருப்புக் கடையில வேணாம்னு சொல்லத் தெரியாம நாலு ஜோடி தூக்கிட்டு வந்தவன்!"

மிச்சம் இருந்தது மருமகள். அவரிடமே படித்து, ரிவர்ஸில் வாசல் கேட்டை நெளித்து, எப்படியோ லைசென்ஸ் வாங்கியவள். அவள் ஓட்டும்போது மட்டும் மாமியார் கால் அந்த இரண்டாவது பிரேக்கைவிட்டு எழுந்ததே இல்லை.

"இவளா? நம்ம கேட்ட போய்ப் பாருங்க!"

"ஒரு தடவதான அத்தை, படுங்க" என்று மருமகள் ஈரக்கையோடு வந்து நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி தொண்டையைச் செருமினார். "மெஷின் வச்சா இன்னும் கொஞ்ச நாள் இருப்பாங்கம்மா."

"எந்திரிப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப வேணாம்."

"மகன் இப்படி அழறாரே?"

"அழட்டும். நானுந்தான் அழுவேன். அதுக்காக அவங்கள புடிச்சு வச்சுக்க முடியுமா? வேணாம்னா வேணாம். வலி தெரியாம பாத்துக்கங்க. அப்பறம், அந்தக் கண்ணாடிய எடுத்து மாட்டி விடுங்க. நாங்க பேசறது அவங்களுக்குக் கேக்க வேணாமா?"

சோபாவில் அசைவே இல்லை. தம்பி குனிந்து தோளைத் தட்டினார். "அக்கா? ஏய், அக்கா!"

"கொஞ்ச நேரம் சும்மா இருங்கடா" என்றார், கண்ணைத் திறக்காமல். "சொகமா இருக்கு."

மருமகள் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் டாக்டரிடம் மருமகள் பெயரைக் கொடுத்தார்கள். மாமியாரும் மருமகளும் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பும்போது பயிற்சிக் காரை மருமகள் ஓட்டினாள். வழியில் பால் வாங்கினார்கள். சிக்னலில் இன்ஜின் ஒருமுறை அணைந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.